டிராகனின் வாலுக்கு ஒரு தேங்காய்

இந்தப் பக்கத்தில் எட்டு மாதமாக நான் எதுவும் எழுதவில்லை. எங்கே போய்விட்டீர்கள் என்று சிலர் கேட்டிருந்தீர்கள். எங்கேயும் போகவில்லை. அதனால்தான் எழுதவும் இல்லை.

புதிதாக வாசிக்கிறவர்களுக்குச் சொல்கிறேன். நான் ஹமில்டனில் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்கிறேன். கார் ஓடத் தெரியாது. என்னைப் போல கார் ஓடாத பெண்கள் பஸ்ஸிலேயே எங்கெங்கே போய் வரலாம் என்று எழுதுவதற்குத்தான் இந்தப் பக்கம். இதைத் திறந்து தந்தவன் என் தம்பி ரவி. எனக்கு எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் நின்றுபோனது. நான் எழுதி அனுப்புவேன், அவன் பிழை திருத்திப் போடுவான். இந்த முறை திருத்த அவன் இல்லை. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

போன ஆனி மாதம் அவன் போய்விட்டான். நெஞ்சுவலி. நாற்பத்தேழு வயது. கல்யாணம் கட்டவில்லை. ஒக்லாந்தில் பஸ் ஓட்டினான், ஒடாஹுஹுவில் ஒரு சின்ன வீட்டில் வாடகைக்கு இருந்தான். ஊரில் இருந்தபோது யாழ்ப்பாணம் பருத்தித்துறை மினிபஸ்ஸில் கொண்டக்டர். ஆட்கள் ஏறி முடிந்ததும் பஸ்ஸின் பக்கத்தில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டி “றைட்” என்பான், பஸ் வெளிக்கிடும். அந்தப் பழக்கம் அவனை விடவில்லை. என்னோடு போனில் கதைத்து முடித்து வைக்கும்போதும் “சரி அக்கா, றைட்” என்றுதான் வைப்பான்.

இனிப் பயணம். சீனப் புது வருஷத்துக்கு ஒடாஹுஹுவில் ஆடுகிற டிராகன் ஆட்டத்தைப் பார்க்கப் பெப்ரவரியில் ஒரு சனிக்கிழமை போய் வந்தேன். தம்பி எட்டு வருஷம் அந்த டிராகனின் வாலைப் பிடித்தவன்.

தமிழ் ஆளுக்கு அங்கே என்ன வேலை என்று கேட்பீர்கள். நானும் கேட்டேன். அவனோடு ஒரே டிப்போவில் பஸ் ஓட்டுகிற கெல்வின் என்ற சீனர்தான் அந்தக் குழுவை நடத்துகிறார். ஒரு வருஷம் ஆள் குறைந்துவிட்டதாம். சாப்பாட்டு நேரத்தில் தம்பியிடம் வந்து, உனக்கு நீட்டுப் பஸ் திருப்பத் தெரியும்தானே, பின்பக்கம் எங்கே போய் இடிக்கும் என்று தெரிந்தவன்தான் வால் பிடிக்க வேண்டும், வா என்று கூட்டிக்கொண்டு போனாராம். ஒரு நாளைக்கு என்று போனவன், எட்டு வருஷம் போனான்.

கெல்வினின் மனைவி சூசன் ஜனவரி கடைசியில் எனக்குப் போன் எடுத்தாள். குழுவில் எல்லோரும் என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். தம்பி போனில் அக்கா அக்கா என்று கதைப்பதைக் கேட்டு, அதுதான் என் பெயர் என்று கனகாலம் நினைத்திருந்தார்களாம். சூசனின் ஆங்கிலமும் என்னுடைய ஆங்கிலமும் சேர்ந்தால்தான் ஒரு முழு ஆங்கிலம் வரும். எனக்கு விளங்கியது இவ்வளவுதான்: பழைய டிராகன் கிழிந்துவிட்டது, புதியது வந்திருக்கிறது, சனிக்கிழமை அதற்குக் கண் திறக்கிறார்கள், ரவியின் தேங்காயும் இருக்கிறது, நீ வரவேண்டும்.

ரவியின் தேங்காய் என்றால் என்ன என்று எனக்குத் தெரியும். சொல்கிறேன், பொறுங்கள்.

போகலாமா என்று இரண்டு மூன்று நாள் யோசித்தேன். தம்பி போனதிலிருந்து நான் கோயிலுக்குப் போகவில்லை. தீபாவளி இல்லை, பொங்கல் இல்லை, ஒரு கல்யாண வீட்டுக்கும் போகவில்லை. ஆண்டுத் திவசம் முடியவில்லையே என்பேன். வெள்ளிக்கிழமை இரவு என் மனுசன்தான் சொன்னார்.

“இஞ்சேரும், கட்டிக் குடுத்த பொம்பிளைக்கு மூண்டு நாளோட துடக்கு முடிஞ்சுது எண்டு ஐயர் அப்பவே சொன்னவர். நீர்தான் எட்டு மாசமா இழுத்துக்கொண்டு திரியிறீர். போயிட்டு வாரும்.”

அவர் நல்லதுக்குத்தான் சொன்னார். ஆனால் அந்த மூன்று நாள் தீட்டுக் கதை எனக்கு எப்போதும் ஒரு முள். எனக்குப் பதினாறு வயதில் அம்மா போன பிறகு அவனுக்குச் சோறு போட்டு வளர்த்தவள் நான். எனக்கு மூன்று நாளாம். இருந்தாலும் காலையில் எழுந்து தலைக்குக் குளித்தேன்.

பஸ் ஹமில்டனிலிருந்து காலை ஏழரைக்கு. டிக்கெட் இருபத்தாறு டொலர், கடைசி நேரத்தில் எடுத்ததால். ஒரு கிழமைக்கு முன்பே எடுத்தால் குறையும். இடதுபக்க ஜன்னல் இருக்கையாகப் பார்த்து இருங்கள், ஹன்ட்லிப் பக்கம் ஆறு கூடவே வரும். பொம்பே மலை ஏறி இறங்கியதும் வாகன நெரிசல் தொடங்கிவிடும். மனுக்காவுக்கு ஒன்பதே காலுக்கு வந்தோம். ஏறத்தாழ நூறு கிலோமீற்றர். ஒடாஹுஹு போகிறவர்கள் இங்கேயே இறங்கவேண்டும். நகரத்துக்குப் போய்த் திரும்பி வந்தால் ஒரு மணித்தியாலம் வீண்.

மனுக்காவில் இருந்து ரெயின் எடுத்தால் கால் மணித்தியாலம். ஆனால் அன்றைக்குத் தண்டவாள வேலை, ரெயின் இல்லை, பதிலுக்குப் பஸ். சனி ஞாயிறு போகிறவர்கள் இதை முதலே பார்த்துக்கொள்ளுங்கள். எந்த பஸ் என்று தெரியாமல் நின்றேன். ஒரு டிரைவர் பொடியன் என்னைப் பார்த்துவிட்டுத் தமிழா என்று கேட்டார். தஞ்சாவூர்ப் பக்கமாம். இதே பஸ்தான் என்று ஏற்றி, முன் இருக்கையில் இருக்கச் சொன்னார்.

“ஒடாஹுஹு வந்ததும் நானே சொல்றேன்கா. அங்க யாரு இருக்காங்க?”

“தம்பி இருந்தவன். அவனும் பஸ்தான் ஓடினவன்.”

எந்த டிப்போ என்று கேட்க வாயெடுத்தவர், இருந்தவன், ஓடினவன் என்ற சொற்களில் நின்றுவிட்டார் போல. ஒடாஹுஹுவில் இறங்கும்போது, பார்த்துப் போங்கக்கா என்று சொல்லி, நான் வீதி கடக்கும் மட்டும் கதவை மூடாமல் நின்றார். பின்னால் இருந்தவர்கள் என்ன நினைத்தார்களோ.

நிலையத்திலிருந்து கடைத்தெருவுக்கு ஒரு கிலோமீற்றர் நடக்க வேண்டும். ஒடாஹுஹு கடைத்தெரு எனக்குப் பிடிக்கும். தொங்காக்காரர், சமோவாக்காரர், பிஜி இந்தியர், சீனர், வியட்நாம்காரர் எல்லாரும் ஒரே நடைபாதையில் சாமான் பரப்பியிருப்பார்கள். மரவள்ளிக்கிழங்கு, பச்சை வாழைக்காய், முழு மீன் எல்லாம் கிடைக்கும். நியூசிலாந்தில் இருக்கிறோம் என்பதே மறந்துபோகும். தம்பி ஏன் இந்த இடத்தை விட்டு எங்கேயும் போகவில்லை என்று நடந்தால்தான் விளங்கும்.

குழு ஆட்டம் பழகுகிற மண்டபம் கடைத்தெருவுக்குப் பின்னால். பத்தரைக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலில் சூசன் நின்றாள். என் வயதுதான் இருக்கும், குள்ளம், குழுவில் தாளம் போடுகிறவள். தம்பியின் செத்தவீட்டுக்குப் பிறகு இப்போதுதான் காண்கிறேன். கையைப் பிடித்து உள்ளே கூட்டிக்கொண்டு போனாள். இப்போதே ஒன்றை எழுதிவிடுகிறேன். ஆஸ்பத்திரியில் அவன் கிடந்த ஐந்து நாளும் இந்தக் குழுதான் முறை வைத்து இருந்தது. நான் ஹமில்டனில் இருந்து போய்ச் சேரும் முன்பே அவன் பக்கத்தில் ஆள் இருந்தது. பிறகு அவன் வீட்டைத் துடைத்துக் கூட்டிப் பூட்டி, திறப்பை என் கையில் தந்ததும் இவர்கள்தான். நன்றி என்று ஒரு சொல் இருக்கிறது, அது இதற்குக் காணாது.

தெரியாதவர்களுக்காக: சிங்க ஆட்டம் வேறு, டிராகன் ஆட்டம் வேறு. நானும் முதலில் ஒன்றென்றுதான் நினைத்தேன். சிங்கத்துக்குள் இரண்டு பேர் ஒளிந்திருப்பார்கள். டிராகனில் ஒளிவு மறைவு இல்லை. நீளமான துணி உடம்பு, உள்ளே வளையங்கள், கீழே தடிகள். தடிக்கு ஒரு ஆள், இவர்களுடையதில் ஒன்பது ஆள். முன்னால் ஒருவர் தடி நுனியில் ஒரு பந்து வைத்திருப்பார், அது முத்து. முத்தைப் பிடிக்கத் தலை போகும், தலையைப் பார்த்து இரண்டாவது ஆள் போவார், அவரைப் பார்த்து மூன்றாவது. கடைசியில் வால். தலை ஒரு அடி வைத்துத் திரும்பினால் வால் முழுச் சுற்றும் ஓடவேண்டும். எல்லாரும் படம் எடுப்பது தலையை. வேர்த்துக் களைப்பது வால்.

அதனால்தான் அந்தத் தேங்காய். தம்பி சேர்ந்த முதல் வருஷம், தெருவில் ஆடும்போது வால் சிக்கி, அவன் விழுந்து, முன்னால் இருந்த இரண்டு பேரையும் விழுத்திவிட்டானாம். அடுத்த வருஷம் ஒரு தேங்காயோடு வந்திருக்கிறான். எனக்குப் போனில் சொன்னது நினைவிருக்கிறது: “தலைக்குக் கண் எழுதுறாங்கள் அக்கா, வாலுக்கு ஒண்டும் இல்லை. அதுதான் நான் பாத்துக்கொண்டன்.” ஊரில் மினிபஸ் முதல் ஓட்டத்துக்கு உடைப்பது போல, வாலைச் சுற்றிக் கர்ப்பூரம் காட்டி, தேங்காயைச் சிதற அடித்திருக்கிறான். இங்கே டிப்போவில் பஸ்ஸுக்குத் தேங்காய் உடைக்க விடுவார்களா? அந்த ஆசையை இதில் தீர்த்துக்கொண்டான் என்று நான் சிரித்தேன். ஆனால் அதன் பிறகு வால் ஒருமுறையும் சிக்கவில்லை. இரண்டாம் மூன்றாம் வருஷத்தோடு அது குழுவின் வழக்கமாகிவிட்டது. முதலில் கண், பிறகு ரவியின் தேங்காய், அதன் பிறகுதான் தெரு.

மண்டபத்துக்குப் பின்னால் கார் நிறுத்துகிற இடத்தில் ஏதோ சத்தம் கேட்டது. போய்ப் பார்த்தால் கெல்வின், கையில் ஒரு தேங்காய். தேங்காய் என்றா சொல்வது. கடையில் தோல் சீவி, வெள்ளையாக, மேலே கூர் வைத்து, பிளாஸ்டிக் சுற்றி வைத்திருப்பார்களே, குடிக்கிற இளநீர், அது. ஓங்கித் தரையில் அடிக்கிறார். அது உடையாமல் துள்ளி, உருண்டு, நிறுத்தியிருந்த ஒரு வானுக்குக் கீழே போய்விட்டது. பக்கத்தில் இன்னொன்று நசுங்கிக் கிடந்தது. அதன் தண்ணீர் முழுக்க அவருடைய புதுச் சிவப்புச் சட்டையில்.

நான் சிரித்துவிட்டேன். எட்டு மாதத்தில் முதல்முறையாக வாய்விட்டு. கெல்வினும் சிரித்தார். ஆனால் அவர் முகம் சரியில்லை.

பிறகுதான் விஷயம் விளங்கியது. இந்த வருஷம் வாலைப் பிடிக்கிறவள் அவர்களின் மகள் எமிலி. பத்தொன்பது வயது. பழகும்போது மூன்று முறை வால் சிக்கிவிட்டதாம், போன கிழமை விழுந்து முழங்காலில் கட்டுப் போட்டிருந்தாள். புது டிராகன் பழையதை விடப் பாரம், நீளமும் கூட. தேங்காய் உடைக்காமல் வாலைத் தூக்கமாட்டேன் என்று சொல்லிவிட்டாள். தகப்பன் உடைக்கத் தொடங்கி, உடைபடவில்லை. அவளுக்குப் பதிலாக வால் பிடிக்கவும் ஒருவருக்கும் மனமில்லை. இரண்டு மணிக்குத் தெருவுக்குப் போகவேண்டும்.

கெல்வின் என்னிடம் கேட்டார், நீங்கள் செய்வீர்களா என்று.

நான் இல்லை என்றேன். ஏன் என்று ஆங்கிலத்தில் சொல்லத் தெரியவில்லை. முதலாவது, எங்களில் சுவாமிக்கும் வாகனத்துக்கும் தேங்காய் உடைப்பது ஆம்பிளைகளின் வேலை, கறிக்கு உடைப்பதுதான் எங்கள் பங்கு. இரண்டாவது, செத்தவீட்டுக்காரி நான். புது வருஷ நாளில், ஒரு பிள்ளை முதன்முதலாக வாலைத் தூக்கிக்கொண்டு தெருவுக்குப் போகிற நேரத்தில், என் கையாலா? அந்தப் பிள்ளை மறுபடி விழுந்தால்? தம்பியின் இடத்தில் நிற்கிற பிள்ளைக்கு என்னால் ஒன்று வந்தால் நான் எப்படி வீட்டுக்குப் போவேன்?

கெல்வின் வற்புறுத்தவில்லை. சூசன்தான் என்னை உள்ளே கூட்டிக்கொண்டு போய், ஒரு கதிரையில் இருத்தித் தேத்தண்ணி தந்தாள். எனக்குள் ஓடுவதைக் கண்டுபிடித்துவிட்டாள். அவர்களிலும் அப்படித்தானாம். செத்தவீடு நடந்த வீட்டார் புது வருஷத்துக்கு யார் வாசலுக்கும் போகமாட்டார்களாம். அதனால் என்னைக் கூப்பிடுவதற்கு முன்பே, அவள் தன் மாமியாரிடம் கேட்டாளாம். முறை தெரிந்த மனுஷி.

“மாமி என்ன சொன்னவா?” என்று கேட்டேன்.

“கல்யாணம் முடிச்சுப் போன அக்கா வேற வீடு. கணக்கில்லை. கூப்பிடலாம், குற்றமில்லை எண்டு சொன்னா.”

நான் அவளைப் பார்த்தேன். என் மூன்று விரலைக் காட்டி, எங்கள் ஐயர் சொன்னதையும் சொன்னேன். எனக்கு மூன்று நாளாம், அதோடு சரியாம் என்று. சூசன் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தாள். எங்கேயோ சீனாவில் ஒரு ஊர், எங்கேயோ யாழ்ப்பாணம், இரண்டு இடத்திலும் கட்டிக் கொடுத்தவள் வெளியாள். அவளுக்கும் அங்கே ஒரு தம்பி இருந்து, கொரோனா நேரத்தில் போய்விட்டானாம். போகமுடியவில்லையாம். அது எனக்குத் தெரியாது. ரவி சொன்னதும் இல்லை.

கொஞ்ச நேரம் இரண்டு பேரும் மூக்கைச் சீறிக்கொண்டு இருந்தோம். பிறகு அவள் சொன்னாள்:

“பொல்லாத விதி அக்கா. ஆனா இண்டைக்கு அதுதான் உன்னை உள்ள விடுது. உள்ள வா.”

அதற்கு மேல் எனக்கு மறுக்கத் தெரியவில்லை.

முதல் வேலை, ஒழுங்கான தேங்காய். எமிலியைக் கூட்டிக்கொண்டு கடைத்தெருவுக்கு நடந்தேன். நொண்டிக்கொண்டுதான் வந்தாள். ஒரு தொங்கா அம்மாவின் கடையில் நல்ல முற்றின தேங்காய் குவித்திருந்தது, ஒன்று மூன்று டொலர். ஒன்றொன்றாகக் காதில் வைத்துக் குலுக்கிப் பார்த்தேன். தண்ணீர் சத்தம் கேட்கவேண்டும், கண்ணில் ஈரம் இருக்கக்கூடாது. எமிலியும் எடுத்துக் குலுக்கினாள். தேங்காய்க்கும் கண் இருக்கா என்று கேட்டாள். மூன்று கண் இருக்கிறது பார் என்று காட்டினேன். டிராகனுக்கு இரண்டுதான் என்றாள். அப்போ தேங்காய்தான் பெரிய ஆளா என்று கடைக்கார அம்மா கேட்டுச் சிரித்தார். ஒன்று போதும் என்று நினைத்தேன். அந்த அம்மா, எதற்கும் ஒன்று கையில் இருக்கட்டும் என்று இன்னொன்றைப் பையில் போட்டார், காசு வாங்கவில்லை.

நடந்து வரும்போது எமிலி ஒன்று கேட்டாள். “ரவி மாமா விழுந்தப்ப அழுதாரா?” மாமா என்ற சொல்லை அவளுக்குத் தம்பியே பழக்கியிருக்கிறான். எனக்குத் தெரியாது என்றேன். வீட்டுக்குப் போய் எனக்குப் போன் எடுத்தான், அப்போது சிரித்துக்கொண்டுதான் சொன்னான் என்றேன். அது உண்மை. அவள் கொஞ்சம் நேராக நடந்த மாதிரி இருந்தது.

கர்ப்பூரத்துக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டு வந்தால், கெல்வின் மேளப் பெட்டிக்குள் கையை விட்டு ஒரு பழைய பிஸ்கட் டின்னை எடுத்துத் தந்தார். தம்பியுடையது. உள்ளே கர்ப்பூரம், நெருப்புப்பெட்டி, ஒரு விபூதிப் பொட்டலம், காய்ந்து கறுத்த ஒரு தேசிக்காய், அதுதான் எலுமிச்சை. எட்டு மாதம் ஒருவரும் அதை எறியவில்லை. மேளத்தோடு சேர்த்து, மேளம் போன இடமெல்லாம் கொண்டுபோயிருக்கிறார்கள். தேசிக்காயை மட்டும் நான் எடுத்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டேன். புதிது ஒன்று வாங்கித் தரலாம்.

ஒரு மணிக்குக் கண் திறப்பு. எல்லாரும் பார்க்கலாம், தடையில்லை. டிராகனின் தலையைக் கீழே வைத்து, அவர்களில் மூத்த ஒருவர் தூரிகையில் சிவப்புத் தொட்டு இரண்டு கண்ணிலும் புள்ளி வைத்தார். அதுவரை அது துணியாம், புள்ளி வைத்த பிறகுதான் உயிராம். கோயிலில் சிலைக்குக் கண் திறக்கிறதைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. மேளம் மெல்லத் தொடங்கி, தலை நித்திரையால் எழும்புகிற மாதிரி இரண்டு பக்கமும் பார்த்தது.

பிறகு எல்லாரும் பின்பக்கம் வந்தார்கள். என்னைப் பார்த்தார்கள். எமிலி வால் தடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். தடியில் தம்பி பிடித்து வழுவழுப்பான இடம் இல்லை, புதுத் தடி. பழைய தடி கிழிந்த டிராகனோடு போயிருக்கும் என்று நினைத்தேன். கெல்வின் என் பார்வையைக் கண்டு, புதுத் தடியின் நுனியைக் காட்டினார். பழைய தடியில் ஒரு சாண் வெட்டிப் புதியதோடு பொருத்திக் கட்டியிருந்தார்கள்.

கர்ப்பூரம் கொளுத்தி வாலைச் சுற்றிக் காட்டினேன். எமிலி நெற்றியைக் கொண்டுவந்து நீட்டினாள், விபூதி பூசிவிட்டேன். பிறகு இரண்டாவது ஆள் நீட்டினார், மூன்றாவது நீட்டினார், ஒன்பது பேரும் நீட்டினார்கள். இது தம்பியின் வழக்கமா, அன்றைக்குப் புதிதா, எனக்குத் தெரியாது. தேங்காயை எடுத்து வாலை மூன்று சுற்றுச் சுற்றினேன். பிள்ளையாரே, இந்தப் பிள்ளையை விழுத்தாதே என்று மட்டும் மனதில் சொன்னேன். வேறு மந்திரம் எனக்குத் தெரியாது. ஓங்கி அடித்தேன்.

சிதறியது. ஒரு துண்டு அந்த வானுக்குக் கீழே போனது. எல்லாரும் கை தட்டினார்கள்.

ஆனால் ஒருவரும் அசையவில்லை.

மேளக்காரர் தடியைத் தூக்கியபடி நிற்கிறார். சூசன் தாளத்தை விரித்தபடி நிற்கிறாள். தலை அசையவில்லை, முத்து அசையவில்லை. நான் என்ன பிழை விட்டேன் என்று கெல்வினைப் பார்த்தேன். எமிலிதான் வால் தடியை மெல்ல என் பக்கம் சாய்த்துக் காட்டினாள். என் கை உயரத்துக்கு.

அப்போதுதான் விளங்கியது. தேங்காய் உடைந்த பிறகு அவன் என்ன செய்திருப்பான் என்று எனக்கு ஒருவரும் சொல்லித் தரத் தேவையில்லை. மினிபஸ்ஸில் செய்ததைத்தான் செய்திருப்பான். ஏழு வருஷமாக அதைக் கேட்டுத்தான் இவர்களின் டிராகன் தெருவுக்குப் போயிருக்கிறது. இன்றைக்கும் அதற்குத்தான் நிற்கிறது.

சொன்னால் போய்விடும். அதுதான் எனக்கு முடியாமல் இருந்தது. சொன்னால் வால் என்னைத் தாண்டிப் போய்விடும், பிடிக்கிறவள் வேறு ஆள். ஆண்டுத் திவசம் ஆண்டுத் திவசம் என்று நான் எட்டு மாதமாகப் பஸ்ஸை மறித்துக்கொண்டு நின்ற மாதிரி இருந்தது. எமிலியைப் பார்த்தேன். நெற்றியில் விபூதி, முழங்காலில் கட்டு, பயம். அந்தப் பிள்ளையை எவ்வளவு நேரம் மறிப்பது?

தடியில் உள்ளங்கையால் இரண்டு தட்டுத் தட்டினேன்.

“றைட்.”

மேளம் விழுந்தது. முத்து பாய்ந்தது, தலை பாய்ந்தது, ஒன்பது பேரும் ஒரு வளைவில் என்னைச் சுற்றிக்கொண்டு போனார்கள். கடைசியாக வால். அவள் நொண்டவில்லை.

தெருவில் முக்கால் மணித்தியாலம் ஆடினார்கள். நான் நடைபாதையால் கூடவே ஓடினேன், இந்த வயதில். ஒரு திருப்பத்தில் வால் கொஞ்சம் இழுபட்டது, என் உயிர் போய் வந்தது. எமிலி இரண்டு அடி பாய்ந்து பிடித்துவிட்டாள். விழவில்லை. முடிந்து மண்டபத்துக்கு வந்ததும் சிதறின தேங்காயைக் கழுவி, ஆளுக்கொரு துண்டு தின்றார்கள். அதுவும் வழக்கமாம். எமிலி பெரிய துண்டாகப் பார்த்து எனக்குத் தந்தாள். நல்ல இனிப்பான தேங்காய்.

இனி, போக விரும்புகிறவர்களுக்குச் சில விஷயம். சீனப் புது வருஷம் ஜனவரி பிற்பகுதிக்கும் பெப்ரவரி இருபதுக்கும் இடையில் வரும், ஒவ்வொரு வருஷமும் மாறும். பெரிய விழாக்களில் கூட்டம் அதிகம், ஒன்றும் தெரியாது. கடைத்தெருவில் ஆடுகிற சின்னக் குழுக்களைப் பார்த்துப் போங்கள், பக்கத்தில் நிற்கலாம். தொப்பியும் தண்ணீரும் கட்டாயம், பெப்ரவரி வெயில் மண்டையைப் பிளக்கும். ஒக்லாந்து பஸ்ஸுக்கு இப்போது வங்கி அட்டையையே தட்டலாம், தனி அட்டை தேவையில்லை. மனுக்காவிலிருந்து ஹமில்டனுக்குப் பின்னேரம் ஐந்தரைப் பஸ்ஸைப் பிடித்தால் வெளிச்சத்தோடு வீட்டுக்கு வரலாம். சாப்பாடு அங்கேயே மலிவு, கட்டிக்கொண்டு போகவேண்டாம். வெடி கொளுத்தினால் சின்னப் பிள்ளைகளின் காதைப் பொத்துங்கள். டிராகன் பக்கத்தில் வந்தால் பயப்படாமல் தாடியைத் தொடுங்கள், நல்லதாம். எல்லாரும் தலையைப் பார்க்கும்போது நீங்கள் ஒருமுறை வாலையும் பாருங்கள். அதைப் பிடிக்கிற ஆளுக்குக் கை தட்டுங்கள்.

சூசனுக்கு, கெல்வினுக்கு, எமிலிக்கு, காசு வாங்காத தொங்கா அம்மாவுக்கு, கதவை மூடாமல் நின்ற தஞ்சாவூர்த் தம்பிக்கு நன்றி. அந்தத் தம்பியைத் தவிர வேறு யாருக்கு இந்தத் தமிழ் விளங்கும் என்று என் மனுசன் கேட்கிறார். இருக்கட்டும். எழுதாமல் இருக்க முடியவில்லை.

வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போதே சூசன் போன் எடுத்தாள், பத்திரமாக வந்து சேர்ந்தேனா என்று கேட்டு. சேர்ந்துவிட்டேன் என்றேன். அடுத்த வருஷமும் வரவேண்டும் என்றாள். வருகிறேன், ஆனால் அப்போது தடியைத் தட்டிச் சொல்வது எமிலிதான், நான் தேங்காய் மட்டும் என்றேன். சம்மதித்தாள். பிறகு, தான் என்ன சொல்கிறாள் என்று நினையாமலே, எட்டு வருஷப் பழக்கத்தில் சொன்னாள்:

“ஓகே அக்கா, றைட்.”

நானும் றைட் என்று சொல்லிப் போனை வைத்தேன்.